வெளியே 10.10, உள்ளே 11.40

போன வாரம் வாசலோடு திருப்பி அனுப்பிய அண்ணனை இந்த வாரம் உள்ளே விட்டாக வேண்டும். காலை எட்டரைக்கே வந்து நிற்கிறான். கையில் ஒரு பை. பைக்குள் இஸ்திரி போட்ட சட்டை, ரேசர், சோப்பு.

மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமையைத் தவிர வேறு கிழமையே தெரியாதவன் வியாழக்கிழமை காலையில் பையோடு வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? சின்னவளுக்கு வந்தது. கதவை முழுதாகத் திறக்காமல், ஒரு கையை நிலையில் ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

“பத்து மணிக்குத்தானே மேடம் வர்றாங்க. இப்பவே எதுக்கு?”

“அப்பாவைத் தயார் பண்ண வேண்டாமா? தள்ளு.”

விலகி வழிவிட்டாள். வேறு வழியில்லை. அப்பா இரண்டு பேருக்கும் அப்பா.

இன்றைக்கு வரப்போகிறவர் மதிப்பீட்டாளர். மறதி நோய் வந்த பெரியவர்களுக்கு எவ்வளவு பராமரிப்பு தேவை என்று வீடு தேடி வந்து பார்த்து எழுதுகிறவர். முதல் நிலை என்று எழுதினால் ஒரு கையேடு கிடைக்கும், வேறொன்றும் கிடைக்காது. இரண்டாம் நிலை என்றால் பகலில் ஓர் உதவியாளர் வருவார். மூன்றாம் நிலை என்றால் காப்பகம்.

சின்னவளுக்கு வேண்டியது இரண்டு. கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிக்கொண்டிருந்தவள், எட்டு மாதத்துக்கு முன் அப்பாவுக்காக வேலையை விட்டாள். “இந்த மாசக் கடைசி வரைக்கும் உன் நாற்காலியில வேற யாரையும் உட்கார வைக்க மாட்டேன். அதுக்கு மேல என்னைக் கேக்காதே” என்று முதலாளி சொல்லிவிட்டார். மாதக் கடைசிக்குப் பதினோரு நாள் இருந்தது.

பெரியவனுக்கு என்ன வேண்டும் என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. போன வருஷம் காப்பகம் என்றான். போன மாதம் “அப்பாவுக்கு ஒண்ணுமில்ல, நீதான் பெருசு பண்றே” என்றான். ஒரே வாய்தான் இரண்டையும் சொன்னது.

*

பெரியவன் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். எதைச் செய்தாலும் பக்கத்து இருக்கையில் ஒரு மாணவர் உட்கார்ந்திருப்பதுபோலவே பேசுவான்.

“தலையை நேரா வைங்கப்பா. இடது பக்கம். மெதுவா. அப்படியே நிறுத்துங்க.”

அப்பா நிறுத்தினார். நுரை அப்பிய முகத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பஸ் டெப்போவில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எப்போது வெளியே போனது, எப்போது உள்ளே வந்தது என்று எழுதியே தேய்ந்த விரல்கள். இப்போது அந்த விரல்களுக்குச் சட்டைப் பொத்தான் பிடிபடுவதில்லை.

“அண்ணா, அதை விடு. தினமும் எப்படி இருக்காரோ அப்படியே பார்க்கட்டும்.”

“தாடியும் கறையுமா உட்கார வெச்சா நல்லாவா இருக்கும்? வெளியாளு வர்றாங்க.”

“பொண்ணு பார்க்கவா வர்றாங்க? அவரால சுயமா என்ன முடியும்னு பார்க்க வர்றாங்க. நீ சவரம் பண்ணி, சட்டை மாட்டி, வாட்ச் கட்டி விட்டா, எல்லாம் அவரே பண்ணிக்கிட்டார்னு எழுதிட்டுப் போயிடுவாங்க.”

“எழுதட்டுமே.”

சொல்லிவிட்டு ரேசரைக் குவளைத் தண்ணீரில் ஆட்டினான். அவளைப் பார்க்கவில்லை.

எழுதட்டுமே. அந்த ஒரு சொல்லைச் சின்னவள் வாயில் போட்டு மென்றாள். அப்பா தெளிவாக இருக்கிறார் என்று ஒரு காகிதத்தில் ஏறினால் இவனுக்கு என்ன லாபம்? தெளிவாக இருக்கிற ஆளால்தான் கையெழுத்துப் போட முடியும். இந்த வீடு அப்பா பேரில் இருக்கிறது.

அவள் சமையலறைக்குப் போய், அப்பா திறந்துவிடாமலிருக்க அடுப்பிலிருந்து கழற்றி டப்பாவில் போட்டிருந்த திருகுகளைக் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தாள். குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் கழற்றின ஓட்டைகளை மறைத்துத் தொங்கிய துண்டை எடுத்தாள். இதையெல்லாம் வருகிறவர் பார்க்க வேண்டும். அண்ணன் ஒரு பக்கம் வீட்டை மெருகேற்றினால், இவள் இன்னொரு பக்கம் மெருகைச் சுரண்டினாள்.

*

மதிப்பீட்டாளர் சரியாகப் பத்து மணிக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். தோளில் கனத்த பை, கழுத்தில் அடையாள அட்டை. உட்காருவதற்கு முன்னாலேயே அவர் கண் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அடுப்புத் திருகில் நின்றது. அப்பாவின் சவரம் செய்த கன்னத்தில் அதைவிடக் கொஞ்சம் அதிகமாக நின்றது.

“இன்னிக்கு யாரு சவரம் பண்ணிவிட்டாங்க ஐயா?”

“நானேதான்” என்றார் அப்பா, கம்பீரமாக.

பெரியவன் சிரித்தான். சின்னவள் பல்லைக் கடித்தாள்.

அப்பா எழுந்து நின்று வந்தவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். “உட்காருங்க மேடம். ஹெட் ஆபீஸ்தானே? இன்ஸ்பெக்‌ஷன் வரும்னு சொன்னாங்க. எங்ககிட்ட எல்லாம் சரியா இருக்கும்.”

“பார்ப்போம் ஐயா. சில கேள்வி கேக்கட்டுமா? இன்னிக்கு என்ன கிழமை?”

“வியாழக்கிழமை.”

மாதம் கேட்டார். சரியாக வந்தது. இந்த வீடு எத்தனையாவது மாடி என்றார். இரண்டாவது என்று பட்டென்று பதில் வந்தது.

நேற்றுச் சாயங்காலம் இதே மனிதர், இதே அறையில், ‘டெப்போ கேன்டீன் எந்தப் பக்கம்?’ என்று கேட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய் நின்றவர்.

“ஒரு கடிகாரம் வரைஞ்சு காட்டுங்க. மணி பதினொண்ணே கால்.”

யாரிடம் போய் என்ன கேட்கிறார்! மறதிக்காரர்கள் தடுமாறுகிற இடம் அது. எண்கள் ஒரு பக்கமாகக் குவியும், முள் எங்கேயோ போகும். ஆனால் அப்பா முப்பத்தோரு வருஷம் கடிகாரத்தின் கீழேயே உட்கார்ந்திருந்தவர். கை நடுங்காமல் வட்டம் போட்டார். பன்னிரண்டு எண்ணும் அதனதன் இடத்தில் விழுந்தது. நிமிட முள்ளை மூன்றில் வைத்தார். மணி முள்ளைப் பதினொன்றைத் தாண்டிக் கால்வாசி நகர்த்தியும் வைத்தார்.

“வேற டெப்போல இவ்வளவு கரெக்டா இருக்காது மேடம்.”

பெரியவன் காலை ஆட்டிக்கொண்டிருந்தான். பரிசு வாங்கின பிள்ளையின் அப்பா மாதிரி ஒரு முகம்.

மதிப்பீட்டாளர் அந்தத் தாளையும் பார்த்தார், அந்த முகத்தையும் பார்த்தார். பேனாவால் தாடையை இரண்டு தட்டுத் தட்டினார்.

“ஐயா, வீட்டுல தீப்பிடிச்சா என்ன செய்வீங்க?”

“ரெண்டு பேர்” என்றார் அப்பா உடனே. “மூத்தது பையன். இளையது பொண்ணு.”

பெரியவனின் கால் ஆடுவது நின்றது.

“சரி. உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனை பேரு?”

“பதறாம கதவைத் திறந்துட்டு வெளியே போயி, அக்கம்பக்கத்துல சத்தம் போட்டுச் சொல்லுவேன்.”

வாய்க்கேள்விகளில் நான்காவதையும் ஐந்தாவதையும் அவர் இடம் மாற்றிக் கேட்டிருந்தார். பதில்கள் மாறாமல் வரிசையிலேயே வந்தன. மதிப்பீட்டுக்கு நாள் குறித்து வந்த கடிதத்தோடு இருந்த மாதிரிக் கேள்வித் தாளின் அதே வரிசை. சின்னவள் அந்தத் தாளை மேசை இழுப்பறையில் போட்டதோடு சரி, தொடவில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவன் அதை போனில் படம் பிடித்துக்கொண்டு போனான். “சும்மா வெச்சுக்கறேன்” என்றான்.

“யாரோ நல்லாப் பாடம் எடுத்திருக்காங்க” என்றார் மதிப்பீட்டாளர். குரலில் கோபம் இல்லை. கோபத்தைவிட அதுதான் மோசமாக இருந்தது. “இந்தப் பகுதிக்கு இன்னிக்கு நான் மார்க் போடல. இன்னொரு நாள், வேற கேள்வியோட பார்த்துக்கறேன்.”

“நான் இல்ல” என்றாள் சின்னவள்.

“நான் எப்ப பண்றது? ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் வர்றவன்” என்றான் பெரியவன்.

ஒரு மணி நேரத்தில் ஐந்து பதிலை அப்பா மண்டையில் ஏற்ற முடியாது என்று சின்னவளுக்குத் தெரியும். தினமும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். லைசென்ஸ் டெஸ்டுக்குப் போகிறவர்களைத் திரும்பத் திரும்ப எட்டுப் போட வைப்பதுபோல. ஆனால் எப்போது? எப்படி? அவள் இருபத்து நாலு மணி நேரமும் இங்கேதானே இருக்கிறாள்.

இருபத்து நாலு மணி நேரமும் இல்லை. அது அவளுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள்.

*

“பதினாலு நாள் டைரி எழுதச் சொல்லியிருந்தோமே?”

சின்னவள் கொடுத்தாள். எத்தனை மணிக்கு எழுந்தார், எத்தனை முறை உடை மாற்றினாள், மாத்திரையைத் துப்பினாரா, வாசலுக்கு எத்தனை தடவை போனார். எதையும் கூட்டி எழுதவில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டிருந்தாள்.

“ரெஜிஸ்டர் பார்க்கணுமா?” என்றார் அப்பா. யாரும் பதில் சொல்வதற்குள் எழுந்து தன் அறைக்குப் போனார். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து வந்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

அந்த நோட்டை வாங்கிக் கொடுத்தது சின்னவள்தான். காலைச் சாப்பாடு, மாத்திரை எல்லாம் ஆன பிறகு அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் அசைய மாட்டார். தெருவில் போகிற வண்டிகளைப் பார்த்து ஏதோ எழுதிக்கொண்டிருப்பார். எழுதட்டும், சும்மா இருப்பாரே என்று விட்டாள். ஒரு நாளும் பிரித்துப் பார்க்கவில்லை. தெருவில் போகிற வண்டியைப் பற்றிப் படிக்க அவளுக்கு என்ன தலையெழுத்தா?

மதிப்பீட்டாளர் பிரித்தார். கோடு போட்ட பத்திகள். அச்சு மாதிரி எழுத்து.

“இருபத்தேழு. வெளியே 10.10. உள்ளே 11.40” என்று வாசித்தார். அடுத்த பக்கம். “இருபத்தேழு. வெளியே 10.10. உள்ளே 11.40. தினமும் இருக்கே. இது எந்த பஸ் ஐயா?”

“இதோ நிக்கிறாளே” என்று சின்னவளைக் காட்டினார் அப்பா. “இவதான் இருபத்தேழு. ஒரு நாள் லேட் கிடையாது. கதவைச் சாத்திப் பூட்டு போட்டுட்டுக் கிளம்புவா. சத்தம் கேக்கும். உடனே நேரம் எழுதிடுவேன்.”

“பூட்டா?” என்றார் மதிப்பீட்டாளர். “வெளியே இருந்தா?”

“வேற எங்க இருந்து பூட்டுவாங்க?” என்று அப்பா சிரித்தார்.

“அந்த ஒன்றரை மணி நேரம் ஐயாகூட யாரு இருக்காங்க?”

சின்னவளின் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“நான்” என்றான் பெரியவன்.

பொய். எதற்கு எனக்காகப் பொய் சொல்கிறான்? அவள் அவனைத் திரும்பிப் பார்ப்பதற்குள் மதிப்பீட்டாளரின் விரல் நோட்டில் இறங்கியது.

“பதினாலு. உள்ளே 10.25. வெளியே 11.30. பதினாலு நீங்களா?”

“பெரியவன்தான் பதினாலு” என்றார் அப்பா. “இவன் வண்டி தினமும் வராது. சில நாள் கேன்சல்.”

விரல் எண்ணிக்கொண்டே போனது. இரண்டு வாரத்தில் வார நாட்கள் பத்து. பதினாலு வந்தது ஏழு நாள்.

பொய் இல்லை. அதைவிட மோசம்.

“குடும்பத்துல இன்னொருத்தர் பகல்ல வர்றாங்கன்னா நல்லதுதான்” என்று எழுதிக்கொண்டே சொன்னார் மதிப்பீட்டாளர். “ஆனா அதையும் நான் கணக்குல எடுக்கணும். பகல் உதவியாளரோட தேவை அந்த அளவுக்குக் குறையும். இது நீங்க ரெண்டு பேரும் பேசிச் செஞ்ச ஏற்பாடுதானே?”

“தண்ணி கொண்டு வர்றேன்” என்றாள் சின்னவள்.

*

சமையலறைக்குப் பின்னாலேயே வந்தான்.

“சாவி ஏது?” குரலை அடக்கியே கேட்டாள்.

“இழுப்பறையில இருந்ததை எடுத்து அதே மாதிரி ஒண்ணு போட்டுக்கிட்டேன். திரும்ப வெச்சுட்டேன்.”

“திருட்டுச் சாவி.”

“எங்கப்பா வீட்டுக்கு எனக்கு எதுக்கு திருட்டுச் சாவி? ஒரு நாள் ஸ்டூடன்ட் வரல, இந்தப் பக்கம் வந்தேன். வாசல்ல பூட்டு. தட்டினா உள்ளேருந்து அப்பா, ‘கவுண்டர் மூடியாச்சு, பதினொண்ணு நாப்பதுக்கு வாங்க’ங்கறார். எனக்கு எப்படி இருந்திருக்கும்?”

“அன்னிக்கே என்னைக் கேட்டிருக்கணும்.”

“நீ யாரையோ பார்க்கப் போறேன்னு நெனச்சேன்.”

சின்னவள் குழாயை மூடினாள். “யாரை?”

“எனக்கென்ன தெரியும்? நீயும் மனுஷிதானே. தினமும் ஒரே நேரம், ஒன்றரை மணி நேரம். வேற என்னன்னு நெனைக்கறது?”

“ரெண்டு தெரு தள்ளி வாசகசாலை இருக்கு. கடைசி மேஜையில தலையை வெச்சுத் தூங்குவேன். அங்க இருக்கிற அம்மா பதினொண்ணு முப்பதுக்கு எழுப்பி விடுவாங்க. போதுமா? போய் விசாரிச்சுக்கோ.”

அவன் நம்பினானா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

“பாடம் எடுத்தது?”

“நான்தான். அவரு நல்லாப் பதில் சொன்னா காப்பகத்துக்கு அனுப்ப மாட்டாங்கன்னு.”

“காப்பகம்னு முதல்ல சொன்னதே நீ.”

“அது போன வருஷம்.”

“நான் வர்றதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி நழுவினது எதுக்கு?”

“நீ கத்துவே.”

இருபது வருஷமாக மாணவர்களின் ஒவ்வொரு அசைவையும் கண்ணாடியில் பார்த்தே பழகினவன், தங்கை கத்துவாளே என்று பயந்து ஓடினானாம். சின்னவள் தண்ணீர்க் குவளையைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த குவளை.

“இப்ப என்ன பண்ணணும்ங்கறே?”

“தெரியும்னு சொல்லிடு. நாம பேசி வெச்சுக்கிட்ட ஏற்பாடுன்னு சொல்லு. பூட்டு விஷயம் அதோட அடங்கிடும்.”

அடங்கும். அதோடு பகல் உதவியாளரும் அடங்குவார். ஒரு கையேடு வரும். கண்ணாடிக் கடை நாற்காலியில் வேறொருத்தி உட்காருவாள். உண்மையைச் சொன்னாலோ, பெரியவரை உள்ளே வைத்துப் பூட்டிய மகள் என்று பதிவாகும். அப்பாவை அவர்களே கூட்டிக்கொண்டு போகலாம். வீடு காலியாகும். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அவனுக்கு மெத்தை, அவளுக்குத் தரை.

குவளையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். அப்பா மதிப்பீட்டாளரிடம் ஏதோ ஒரு வண்டியின் பிரேக்கைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். நோட்டு மேசைமேல் திறந்தே கிடந்தது. ஏழு நாள் பதினாலு வந்திருந்தது. மீதி மூன்று நாள் அந்தப் பத்தி வெறுமையாக இருந்தது. அந்த மூன்று நாளும் இந்த வீட்டில், வெளியே பூட்டு, உள்ளே ஒரு மனிதர். தீப்பிடித்தால் கதவைத் திறந்துகொண்டு வெளியே போவாராம்.

“ஏற்பாடெல்லாம் இல்ல மேடம்” என்றாள்.

பின்னால் அண்ணனின் மூச்சு கேட்டது.

“இவன் வந்தது எனக்கு இப்பத்தான் தெரியும். யாருமில்லன்னு தெரிஞ்சேதான் பூட்டிட்டுப் போனேன். ரெண்டு மாசமா. தூங்கறதுக்கு. டைரியில அதை மட்டும் எழுதல.”

மதிப்பீட்டாளர் பேனாவைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் இரக்கமும் இல்லை, அதிர்ச்சியும் இல்லை. இந்த மாதிரி எத்தனை கூடங்களில் உட்கார்ந்திருப்பாரோ.

“நீங்க தொடர்ந்து நாலு மணி நேரம் தூங்கினது கடைசியா எப்போ?”

சின்னவள் யோசித்தாள். எந்த மாதம் என்றுகூடச் சொல்ல வரவில்லை.

“சரி. தெரியலைன்னு எழுதிக்கறேன். அதுவும் பதில்தான். உங்க தேவைக்குன்னு தனி ஃபாரம் இருக்கு, அதையும் போட்டுடறேன். ஆனா பூட்டினதை நான் எழுதாம இருக்க முடியாது. திங்கட்கிழமை காலையில பாதுகாப்பு அலுவலர் வருவார். அவர் முடிவு பண்ற வரைக்கும் ஐயா ஒரு நிமிஷம்கூடத் தனியா இருக்கக் கூடாது. அதுக்குப் பொறுப்பு நான்தான்னு ஒருத்தர் கையெழுத்துப் போடணும். தவறினா அதே நாள் காப்பகம். ஒரு பேர்தான் எழுத முடியும்.”

“என் பேரை எழுதுங்க” என்றான் பெரியவன். யோசிக்கவே இல்லை. “நாலு நாள் லீவு போட்டுட்டு இங்கேயே இருக்கேன். இவ தூங்கட்டும்.”

சின்னவள் அவனைப் பார்த்தாள். முதல்முறையாக அந்த முகத்தில் நடிப்பு எதுவும் தெரியவில்லை. உடம்பு முழுக்க ஏதோ ஒன்று இளகி, அப்படியே நாற்காலியில் சரியலாம்போல இருந்தது. நாலு நாள். படுக்கையில், கால் நீட்டி. சாகிறவள் தண்ணீர் கேட்பதுபோல அந்தத் தூக்கத்தை அவள் உடம்பு கேட்டது.

மதிப்பீட்டாளர் படிவத்தை அவன் பக்கம் திருப்பினார். அவன் பேனாவை எடுத்தான். அவன் குனிந்தபோது அவர் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“செவ்வாய்க்கிழமை மட்டும் பதினாலுக்குப் பக்கத்துல ‘பயணி 1’ன்னு இருக்கே. உங்ககூட யாரு வந்தாங்க?”

பேனா நின்றது.

“ஃப்ரெண்டு ஒருத்தன்” என்றான் பெரியவன். “பாத்ரூம்ல கைப்பிடி வைக்கணுமே. அதுக்கு அளந்து பார்க்க.”

“பாத்ரூமுக்கு அவர் போகலையே” என்றார் அப்பா. ரெஜிஸ்டர் விஷயத்தில் யாராவது தப்பாகச் சொன்னால் அவருக்குப் பொறுக்காது. “என் ரூமைத்தான் அளந்தார். டேப் பிடிச்சு, சுவருக்குச் சுவர். அப்புறம் இந்தக் கூடம். ஒரு முனையை நான்தானே பிடிச்சுக்கிட்டேன்.”

கீழே தெருவில் ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பினார்.

சின்னவள் கையை நீட்டி அண்ணனின் விரலிடுக்கிலிருந்து பேனாவை எடுத்தாள். பிடுங்கவில்லை. அவனும் இறுக்கிப் பிடிக்கவில்லை. படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டாள்.

“திங்கட்கிழமை வரைக்கும் ஒத்தையா உன்னால முடியாது” என்றான் அவன். தணிந்த குரல்.

“முடியாதுன்னு சொல்லத்தான் இவங்களை வரச் சொன்னேன். நீதான் எல்லாம் முடியும்னு அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்துக்கிட்டு இருந்தே.”

மதிப்பீட்டாளர் ஒரு பிரதியைக் கிழித்து அவளிடம் கொடுத்தார். கொடுத்த கை ஒரு நொடி அவள் கையை விடவில்லை. “தலை சுத்தினா, கண் இருட்டினா, உடனே போன் பண்ணுங்க. திங்கட்கிழமைக்காகக் காத்திருக்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

வாசலில் பெரியவன் குனிந்து ஷூ மாட்டினான். கயிற்றைக் கட்ட வழக்கத்தைவிட நேரமெடுத்தான்.

“அளந்தது யாருன்னு கேக்க மாட்டியா?”

“கேட்டா நிஜத்தைச் சொல்லுவியா?”

அவன் நிமிர்ந்தான். சொல்லத்தான் வாயெடுத்தான் என்று பிற்பாடு பல தடவை அவளுக்குத் தோன்றியது. அதற்குள் அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். அவள் கண்ணில் படாமல் திரையைத் திருப்பி, அணைத்தான். மறுபடி அடித்தது. அடிக்க அடிக்கவே படியிறங்கினான். கீழ்த்தளம் போகும்வரை அந்தச் சத்தம் கேட்டது. தெருக்கதவு திறந்து மூடியது. அதற்கப்புறம்தான், ஜன்னலுக்குக் கீழே, தாழ்ந்த குரலில் அவன் பேச ஆரம்பித்தான்.

“வீட்டு விஷயம் இன்னும் முடியல சார். அப்பாவுக்குப் பொறுப்புன்னு கையெழுத்தை அவளே போட்டுட்டா.”